சுருங்கிய இலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன் வேரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். தாம்பரத்தை அடுத்துள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலை கட்டி, கள்ளிகளும், தடித்த இலையிலும் தண்டிலும் நீர் சேமிக்கும் சக்குலன்ட் செடிகளுமாகச் சுமார் 300 தொட்டிகள் வைத்து விற்கிறேன். தினமும் காலையில் தொட்டிக்கு அரை டம்ளர் தண்ணீர் தவறாமல் ஊற்றிவந்தேன். மழைக்காலம் முடியும் நேரத்தில், ரோஜாப்பூ போல இலையடுக்கு கொண்ட எக்கிவேரியா என்ற சக்குலன்டின் இலைகள் சுருங்கின. தண்ணீர் போதவில்லை என்று ஒரு டம்ளராகக் கூட்டினேன். கொஞ்ச நாளில் அடித்தண்டு கறுத்து, தொட்டதும் செடி கையோடு வந்துவிட்டது. சிவப்புத் தலை வைத்த ஒட்டுக் கள்ளிகள் சிலவும், பாலைவன ரோஜா எனப்படும் பெரிய அடினியம் ஒன்றும்கூட அழுகிவிட்டன. வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு ஊற்ற வேண்டும்? ஸ்ப்ரே அடித்தாலே போதும் என்கிறார்களே, சரியா?

பதில்: வணக்கம் அம்மா. வாரத்துக்கு இத்தனை தடவை என்று ஒரு கணக்கைச் சொல்லிவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் அப்படி நாள் கணக்கு வைத்து ஊற்றுவதால்தான் கள்ளிகள் பெரும்பாலும் சாகின்றன. உங்கள் மாடியில் நடந்ததும் அதுதான். தினமும் ஊற்றிய அரை டம்ளர் வேரைக் கெடுத்தது. கெட்டுப்போன வேருக்கு ஒரு டம்ளர் ஊற்றியதும் தண்டு அழுகியது.

இலை சுருங்குவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மண்ணில் ஈரமே இல்லாமல் இருக்கலாம். இல்லை, மண்ணில் ஈரம் நிறைய இருந்தும் அதை உறிஞ்ச வேர் இல்லாமல் போயிருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் இலை சுருங்கியதும் குவளையைத் தேடாமல், முதலில் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். காய்ந்த தொட்டியின் எடையும் நனைந்த தொட்டியின் எடையும் சில நாளிலேயே கைக்குப் பழகிவிடும். அப்புறம் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சியில் மண் ஒட்டினாலோ, கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருந்தாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. மேல்மண் காய்ந்திருப்பதை நம்பவே வேண்டாம்.

ஈரம் இருந்தும் இலை சுருங்கியிருந்தால் செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில், இழுத்தால் தாங்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் மட்டும் உறைபோலக் கழன்று வர, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மிஞ்சும். இலையும் சேதி சொல்லும். தாகத்தில் வாடும் எக்கிவேரியாவில் அடி இலைகள் முதலில் மடங்கிக் காய்ந்து சருகாகும். நடுக்குருத்து கெட்டியாகவே இருக்கும். தண்ணீர் மிஞ்சிய செடியில் இலை வதக்கிய வெங்காயம் மாதிரி மஞ்சளாக, கண்ணாடித்தன்மையோடு இருக்கும்; விரல் பட்டாலே உதிரும்.

சரி, தினமும் கொஞ்சம் ஊற்றினால் என்ன கெடுதல்? வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளிகள் எப்போதும் நீரால் அடைத்திருந்தால் வேர் மூச்சுத்திணறிச் சாகும். செத்த வேர் வழியாகப் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் உள்ளே புகும். வறண்ட நிலத்தில் கள்ளி வாழும் முறையே வேறு. மழை பெய்தால் மண் நன்றாக நனையும். கள்ளி புதிய மெல்லிய வேர்களை விட்டு வேகமாகக் குடித்துச் சேமிக்கும். மறுபடி மண் காயும்போது அந்த மெல்லிய வேர்கள் உதிர்ந்துவிடும். நாம் செய்ய வேண்டியதும் இதைத்தான். ஊற்றும்போது அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓடும்வரை தாராளமாக ஊற்றுங்கள். பிறகு மண் அடிவரை காயும்வரை தொடாதீர்கள். தட்டில் தேங்கியதை அரை மணிக்குள் கொட்டிவிடுங்கள். மண் காய எத்தனை நாளாகும் என்பது தொட்டிக்குத் தொட்டி மாறும். மே மாதத்தில், சரளைக் கலவை நிரப்பிய சின்ன மண்தொட்டி நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். அதே செடி தென்னைநார்க் கழிவு நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தால், கார்த்திகை மாதத்தில் மூன்று வாரமானாலும் காயாது.

ஸ்ப்ரே வேண்டாம் அம்மா. அது மேல்மண்ணை மட்டும் நனைக்கும். ஆழத்தில் உள்ள வேருக்குப் போய்ச் சேராது. எக்கிவேரியாவின் குருத்தில் தேங்கும் சொட்டு அழுகலுக்கு வழி செய்யும். இலை மேலுள்ள வெண்மாவும் கலைந்துவிடும். அந்த மாவுதான் வெயிலிலிருந்து இலையைக் காக்கிறது. விற்பனைக்கு அழகும் அதுதான்.

இனி மண்ணைக் கவனிப்போம். பெரும்பாலும் நர்சரியிலிருந்து வரும் செடிகள் முழுக்கத் தென்னைநார்க் கழிவில்தான் இருக்கும். நனைந்தால் அது நாள்கணக்கில் ஈரத்தை விடாது. ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டாலோ, ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்தோடிவிடும். அதனால் செடி வந்ததும் வேரைச் சுற்றியுள்ள நார்க்கழிவை உதிர்த்துவிட்டு மாற்றி நடுங்கள். தூசியைச் சலித்து நீக்கிய எம்-சாண்ட், செங்கல் சில்லு இரண்டும் சேர்ந்து மூன்று பங்கு, செம்மண் அரைப் பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ அரைப் பங்கு, அதோடு கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டுகள். ஊற்றிய தண்ணீர் மேலே தேங்காமல் சில நொடிகளில் இறங்க வேண்டும். மாற்றி நட்டவுடன் ஊற்றாதீர்கள். வேரில் பட்ட காயம் ஆற ஒரு வாரம் விடுங்கள். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அதனால் வடிகால் அதிகமாகிவிடாது. கல்லை ஒட்டி மேலே உள்ள மண் நீரால் நிறைந்த பிறகுதான் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும். அதாவது, ஈரம் தங்கும் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது. செடி சின்னதாக இருக்கப் பெரிய தொட்டியில் நடுவதும் இதே கெடுதலைத்தான் செய்யும்.

அடுத்தது பருவம். சென்னை வட்டாரத்தில் பலரும் தடுமாறுவது இதில்தான். வெயில் ஏறினால் எல்லாச் செடிக்கும் தண்ணீர் கூட்ட வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். எக்கிவேரியாவின் தாயகம் பெரும்பாலும் மெக்சிகோவின் மேட்டுநிலம். அங்கே பகலில் வெயிலடித்தாலும் இரவு குளிர்ந்துவிடும். இப்படிப்பட்ட செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்துதான் கரியமிலவாயுவை வாங்குகின்றன. நம் ஊர் கத்திரி வெயில் காலத்தில் இரவும் புழுக்கமாக இருப்பதால் அவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும், குடிப்பதும் குறையும். அப்போது ஈரம் மிஞ்சினால் சூடான ஈரமண்ணில் வேர் வெந்துவிடும். எக்கிவேரியாவுக்கும், இன்னொரு சக்குலன்டான ஹாவொர்த்தியாவுக்கும் கோடையில் தண்ணீரைக் குறைத்து, நிழலைக் கூட்டுங்கள். மழை ஓய்ந்து மார்கழி, தை, மாசியில் அவை நன்றாக வளரும்; அப்போது மண் காய்ந்ததும் ஊற்றலாம். அடினியம் நேர்மாறு. ஆப்பிரிக்கா, அரேபியாவின் வெப்பமான பகுதிகளைச் சேர்ந்த செடி என்பதால் கோடையில்தான் தழைத்துப் பூக்கும். வடிகால் நன்றாக இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலும் தாங்கும். குளிர் மாதங்களில் இலை உதிர்க்கத் தொடங்கினால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் அடிக்கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மண் காய்ந்து, கிழங்கு லேசாக அமுங்கினால் தாகம். மண் ஈரமாக இருக்கும்போதே கிழங்கு கொழகொழவென்று அமுங்கினால் அழுகல்.

சிவப்புத் தலை ஒட்டுக் கள்ளியைத் தனியாக நடத்துங்கள். அது ஒரே தொட்டியில் நிற்கும் இரண்டு செடிகள். மேலே சிவப்பாக இருக்கும் ஜிம்னோகேலிசியத்தில் பச்சையம் இல்லாததால் அது தானாகப் பிழைக்காது. அதற்கு உணவு கொடுப்பது கீழே முக்கோணமாக நிற்கும் பச்சைத் தண்டு. டிராகன் பழ இனம். அது மரத்தில் தொற்றி ஏறும் காட்டுக் கள்ளி என்பதால், பாலைவனக் கள்ளியை விடுவதுபோல் மாதக்கணக்கில் காயவிட்டால் சூம்பிப்போகும். சொதசொதவென்று வைத்தாலும் அழுகும். அடித்தண்டு அழுகித் தலை கெட்டியாக இருந்தால் தலையை வெட்டி, புதிய டிராகன் தண்டில் ஒட்டிக் காப்பாற்றலாம்.

இப்போது பாதி கெட்டுள்ள செடிகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, சுத்தமான பிளேடால் அழுகிய பகுதிக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் இன்னும் மேலே போங்கள். முழுக்க வெளிறிய பச்சை தெரியும்வரை வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்டில் துடையுங்கள். நிழலில், காற்றோட்டத்தில் சக்குலன்ட் துண்டுகளை ஒரு வாரமும், பருத்த கள்ளியை இரண்டு வாரமும் காயவைத்து, வெட்டுமுகம் காய்ப்புத் தட்டியதும் காய்ந்த கலவை மேல் நிறுத்துங்கள். வேர் எட்டிப்பார்த்த பிறகே தண்ணீர். பழைய மண்ணைக் கொட்டிவிடுங்கள். பக்கத்துத் தொட்டிகளுக்குப் பரவியிருக்கும் என்று சந்தேகம் வந்தால், காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து, அடுத்த முறை தண்ணீர் ஊற்ற வேண்டிய அன்று அதற்குப் பதிலாக ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடினியத்தையும் பால் வடியும் கள்ளிகளையும் வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழல்வலை மழையைத் தடுக்காது. புரட்டாசி முடிவதற்குள் வலைக்கு மேல் யூ.வி. பாலித்தீன் விரிப்பைச் சாய்வாகக் கட்டிவிடுங்கள். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் புழுக்கத்திலேயே அழுகும். ஐப்பசி, கார்த்திகையில் ஈர்க்குச்சியைக் கேட்காமல் ஒரு சொட்டுக்கூட ஊற்ற வேண்டாம். கோடையில் தொட்டி சூடாக இருக்கும்போது ஊற்றாமல், பொழுது சாய்ந்து தொட்டி ஆறியபின் ஊற்றுங்கள்.

எந்தத் தண்ணீர் என்று நீங்கள் எழுதவில்லை. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீர் கடினமானது என்று தெரிந்துகொள்ளலாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதைச் செடிக்கு ஊற்றவே கூடாது. விரிப்பில் வழியும் மழைநீரை டிரம்மில் பிடித்து மூடி வைத்தால் மழைக்குப் பிந்தைய மாதங்களுக்கு அதுவே நல்ல பாசன நீர். விற்கும் ஒவ்வொரு தொட்டியோடும், கடைசியாகத் தண்ணீர் ஊற்றிய தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாங்கிப் போகிறவர்கள் அன்றைக்கே மறுபடி ஊற்றிவிட மாட்டார்கள்.