பழைய வோல்வோ வாங்கலாமா? முதலில் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள், பேட்டரியை அளந்து பாருங்கள்

கேள்வி: அல்சூரில் குடியிருக்கிறோம். தினமும் ஒயிட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறேன். ஒரு வழிக்கு 15 கிலோமீட்டர், ஒரு மணி நேரம் பிடிக்கிறது. மாதம் இரண்டு முறை அப்பா, அம்மா, மனைவி, மூன்று வயது மகளோடு சேலம் போவோம். 2018 மாடல் வோல்வோ எக்ஸ்சி60 டி5 டீசல் ஒன்று 26 லட்சத்துக்கு வருகிறது. சிங்கிள் ஓனர், 64,000 கிலோமீட்டர் ஓடியது. வோல்வோ மாதிரி பாதுகாப்பான கார் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார் அப்பா. அதே பிராண்ட் வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர்கள் இருவரோ, ஏதாவது ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பக்கத்திலேயே போகாதே என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு தரப்பும் உண்மைதான் சொல்கிறார்கள். அப்பா பேசுவது மோதும் அந்த ஒரு கணத்தைப் பற்றி. நண்பர்கள் பேசுவது மற்ற எல்லா நாட்களையும் பற்றி. மோதும்போது உங்களைக் காப்பாற்றுவது பாடியின் எஃகு, பெல்ட், இருக்கை, ஏர்பேக். தினசரி தொல்லை தருவது பேட்டரி, சென்சார், சாஃப்ட்வேர், ரப்பர், எண்ணெய். விபத்தும் வெள்ளமும் தொடாத வண்டியில் முதல் வகை இத்தனை வருடத்துக்குப் பிறகும் அநேகமாக அப்படியே இருக்கும். இரண்டாம் வகைக்கு வயதாகிவிட்டது. ஆகவே வாங்கலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு. விலைக்கு மேல் 2 லட்சமாவது தனியாக எடுத்து வைத்த பிறகு வாங்குங்கள்.

அப்பாவின் நம்பிக்கைக்கு வலுவான அடித்தளம் இருக்கிறது. இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மூன்று முனை சீட் பெல்ட்டை 1959-ல் வோல்வோவுக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் விமானிகளை வெளியே வீசும் இருக்கைகளில் வேலை பார்த்தவர் அவர். அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வோல்வோ திறந்துவிட்டது. 1970 முதல் ஸ்வீடனில் நடக்கும் நிஜ விபத்துகளை ஆராய ஒரு தனிக் குழுவையும் வைத்திருக்கிறது. பக்கவாட்டு மோதலுக்கான எஸ்ஐபிஎஸ் அமைப்பு 1991-ல் வந்தது, கழுத்தைக் காக்கும் விப்ஸ் இருக்கை 1998-ல் வந்தது. தானே பிரேக் போடும் சிட்டி சேஃப்டி 2008-ல் முதல் எக்ஸ்சி60-இல்தான் அறிமுகமானது. நீங்கள் பார்ப்பது இரண்டாம் தலைமுறை. ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுப் பார்க்கும் யூரோ என்கேப் அமைப்பின் 2017 சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் 98 சதவீதம் வாங்கிய வண்டி.

ஆனால் இந்த வரலாறு நம்பகத்தன்மைக்கு உத்தரவாதம் ஆகாது. பெல்ட்டைக் கண்டுபிடித்த அதே கம்பெனி, முன் இருக்கை பெல்ட்டைப் பிடித்திருக்கும் எஃகு கேபிள் நாளடைவில் பலவீனமாகலாம் என்று 2020-ல் உலகம் முழுக்க 21 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. அவை பழைய வடிவமைப்புக் கார்கள். உங்கள் வண்டியைத் தொடாது.

பெங்களூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. வோல்வோ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் ஏசி பஸ்தான். அந்தப் பஸ்ஸைச் செய்யும் கம்பெனி வேறு. கார் பிரிவு 1999-ல் ஃபோர்டுக்கு விற்கப்பட்டது, 2010-ல் சீனாவின் ஜீலி கைக்குப் போனது. பஸ்ஸின் உழைப்பை வைத்துக் காரை எடை போட முடியாது. அதேபோல, பெங்களூரை ஒட்டிய ஹொசகோட்டேயில்தானே கார் செய்கிறார்கள், பார்ட்ஸ் மலிவாகக் கிடைக்குமே என்றும் எண்ண வேண்டாம். 2017-ல் தொடங்கிய அந்த வேலை, வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களைப் பூட்டுவது. சென்சாரோ மாட்யூலோ (ஒவ்வொரு பகுதியையும் இயக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி) கேட்டால் கடல் தாண்டித்தான் வரும். விலையும் அப்படி, காத்திருப்பும் அப்படி.

இனி எச்சரிக்கை விளக்குகளுக்கு வருவோம். இந்தத் தலைமுறைக் காரில் ஸ்டீயரிங், பிரேக், கேமரா, ரேடார், சஸ்பென்ஷன் எல்லாம் ஒரே வலைப்பின்னலில் பேசிக்கொள்கின்றன. மின்னழுத்தம் சற்று இறங்கினால் சம்பந்தமில்லாத நாலைந்து மாட்யூல்கள் ஒரே நேரத்தில் புகார் சொல்லும். உரிமையாளர் சென்சார் போய்விட்டது என்று நினைப்பார். உண்மையில் போயிருப்பது பேட்டரி. சிக்னலுக்குச் சிக்னல் எஞ்சின் நின்று மறுபடி ஓடும் நம் ஊர்ப் போக்குவரத்தில், ஏசியும் திரையும் இழுக்கும் கரண்ட்டை ஈடுகட்ட பேட்டரிக்கு நேரமே கிடைப்பதில்லை.

பெரிய பேட்டரி டிக்கித் தரைக்கு அடியில் இருக்கிறது. சிக்னலில் எஞ்சினைத் தானே நிறுத்தி ஓட வைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கு உதவ ஒரு சின்னத் துணை பேட்டரியும் உண்டு. பலர் அதை மாற்றவே மாட்டார்கள். வண்டியைப் பூட்டி நாலு மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கும்போது, எஞ்சின் சூடான பிறகும் ஸ்டார்ட்-ஸ்டாப் ஒருமுறைகூட வேலை செய்யவில்லையென்றால் முதல் சந்தேகம் பேட்டரி மீதுதான் இருக்க வேண்டும். மாற்றினால் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களுக்கான ஏஜிஎம் வகை, அதே ஆம்பியர் அளவு. சாதாரண பேட்டரியைப் பூட்டினால் சில மாதங்களில் பழைய கதை திரும்பும். மாற்றிய பிறகு ஸ்கேனரில் பேட்டரி கண்காணிப்பையும் ரீசெட் செய்யச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு மாதம் ஒரு ராத்திரி ஏஜிஎம் மோடு உள்ள ஸ்மார்ட் சார்ஜரில் போட்டு வையுங்கள். சார்ஜரின் மைனஸ் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டக் கூடாது, பாடியில் எர்த்தில்தான் மாட்ட வேண்டும். முனையில் மாட்டினால் அங்கிருக்கும் கண்காணிப்பு சென்சார் உள்ளே போன சார்ஜைக் கணக்கில் எடுக்காது.

நடுத் திரை உறைந்து நிற்பதும் பரவலான புகார். திரைக்குக் கீழே உள்ள ஹோம் பட்டனை 20 நொடி அளவுக்கு அழுத்திப் பிடித்தால் திரை அணைந்து மறுபடி வரும். வாரம் ஒருமுறை இப்படிச் செய்ய வேண்டியிருந்தால் சாஃப்ட்வேர் அப்டேட் ஆகாமல் கிடக்கிறது என்று அர்த்தம். அப்டேட் வோல்வோவின் விடா என்ற மென்பொருள் வழியாக, சேசிஸ் எண்ணுக்கு ஏற்ப இறங்கும். ஸ்கிராப்பில் வாங்கிய பழைய மாட்யூலை அப்படியே பூட்டினால் வேலை செய்யாததற்கும் இதுவே காரணம். விடா வைத்திருக்கும் பட்டறை எது என்று வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஒயிட்ஃபீல்டு ஓட்டம் டீசலுக்கு உகந்தது அல்ல. புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, தன்னுள் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய எஞ்சின் நன்றாகச் சூடாகி, 60 கிலோமீட்டருக்கு மேல் சீரான வேகத்தில் சுமார் 20 நிமிடம் ஓட வேண்டும். மாரத்தஹள்ளி நெரிசலில் அது நடக்கவே நடக்காது. பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முயற்சியிலும் எரியாத டீசல் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலக்கும். மாதம் இரண்டு முறை ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் போகிறீர்களே, அதுதான் இந்த வண்டிக்கு மருந்து. அந்தப் பயணம் இல்லையென்றால் டி5 வேண்டாம், பின்னால் வந்த பி5 பெட்ரோல் மைல்டு ஹைப்ரிட்டை (எஞ்சினுக்குச் சின்ன மின் மோட்டார் துணை நிற்கும் வகை) தேடுங்கள் என்றே சொல்லியிருப்போம். கரி விளக்கு எரிந்தால் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். வண்டியை அன்றே தேவனஹள்ளி பக்கம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆயில் அளவைத் திரையில் பாருங்கள். ஊற்றாமலே அளவு ஏறிக்கொண்டு போனால் டீசல் கலக்கிறது. வோல்வோ கேட்பது விசிசி ஆர்பிஎஸ்0-2ஏஈ தரமுள்ள 0டபிள்யூ-20 ஆயில், 5 முதல் 6 லிட்டருக்குள் பிடிக்கும். 'சிந்தெடிக்தான் சார்' என்று வேறு கிரேடு ஊற்ற விடாதீர்கள். சர்வீஸ் அட்டவணை நீண்ட இடைவெளி கொடுத்தாலும் நகர ஓட்டத்துக்கு 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இந்த எஞ்சினில் டைமிங் செயின் கிடையாது, டைமிங் பெல்ட்தான். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போகும்; மாற்றும் கெடுவை மேனுவலில் பார்த்து, கிலோமீட்டர் வராவிட்டாலும் வருடக் கணக்கில் மாற்றிவிடுங்கள்.

டீசல் சம்பந்தமாக இன்னொன்று முக்கியம். எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு அபூர்வமாக உருகி எஞ்சின் அறையில் தீப்பிடிக்கலாம் என்று, 2014 முதல் 2019 வரையிலான 2 லிட்டர் நாலு சிலிண்டர் டீசல் கார்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் 2019-ல் திரும்ப அழைக்கப்பட்டன. நீங்கள் பார்க்கும் வண்டி அந்த வயதுக்குள் வருகிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இது பட்டியலில் இருந்ததா, வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். பாக்கி இருந்தால் முடித்துத் தந்த பிறகே பணம்.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்கும் காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால், ஒரு ராத்திரி சமதளத்தில் நிறுத்த உரிமையாளரைச் சம்மதிக்க வையுங்கள். சாயங்காலம் நாலு சக்கரத்திலும் நடு மூடியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து குறித்துவிட்டு, காலையில் கதவைத் திறப்பதற்கு முன் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் 2 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அந்தப் பையில் கசிவு. கசிவை ஈடுகட்ட கம்ப்ரெஸர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் எரியும்; ஒரு செலவு இரண்டாகும். பஞ்சர் கடையில் ஜாக்கி போடும் முன் திரையில், உயரத்தைத் தானே சரிசெய்யும் லெவலிங் கன்ட்ரோலை அணைக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின் சக்கரங்களுக்குச் சக்தி அனுப்பும் ஹால்டெக்ஸ் கப்ளிங்கைத்தான் பெரும்பாலான பட்டறைகள் அரைகுறையாகச் செய்கின்றன. முக்கால் லிட்டருக்கும் குறைவான எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புவார்கள். உள்ளே பம்பின் வாயில் ஒரு சின்ன வலை இருக்கிறது. கிளட்ச் தேய்மானம் அதில் அடைத்துக்கொண்டால் பம்ப் மோட்டார் திணறி எரிந்துபோகும். பம்பைக் கழற்றி வலையைக் கழுவச் சொல்லுங்கள், கழற்றியதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐசின் 8 ஸ்பீடு கியர்பாக்ஸ் உறுதியானது. ஆயில் ஆயுளுக்கும் போதும் என்பார்கள். நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் அது பொருந்தாது. 60,000 தாண்டிவிட்டதால் வாங்கியவுடன் மாற்றுங்கள். ஒருமுறை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் இறங்கும், அதனால் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை.

இப்போது, இந்த ஊரில் வண்டி வாங்கும் எவரும் தவறவிடக் கூடாத சோதனை. 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு, எமலூர், பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கமெல்லாம் பேஸ்மென்ட்டில் நின்ற விலை உயர்ந்த கார்கள் மூழ்கின. ஐந்து சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். துணியில் குறுக்கே மங்கிய சேற்றுக்கோடு, முடை நாற்றம், இருக்கைத் தண்டவாளத்தில் துரு, இதில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். எந்தத் தள்ளுபடியும் அதை ஈடுகட்டாது. அதே பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். காரைவிடப் பெல்ட் புதிது என்றால் விபத்துக்குப் பின் மாற்றியிருக்கிறார்கள். மாற்றியது நல்லதே, ஆனால் என்ன விபத்து, பாடியில் எதை வெட்டி ஒட்டினார்கள் என்ற பில் வேண்டும். பின்னாலிருந்து லேசாக இடி வாங்கிய வண்டியில் விப்ஸ் இருக்கையும் சோதிக்கப்பட வேண்டும். மோதலில் வளைந்து கொடுத்த பாகம் அடுத்த தடவை காப்பாற்றாது.

தரைவிரிப்பு ஈரம் என்றாலே வெள்ளம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஜெயநகர், மல்லேஸ்வரம் போன்ற மரத்தடித் தெருக்களில் நிற்கும் காரில் பூவும் சருகும் சன்ரூஃப் வடிகால் குழாயை அடைத்து, மழைநீர் கால் வைக்கும் இடத்துக்கு இறங்கும். சன்ரூஃப் கண்ணாடியைத் திறந்து மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வண்டிக்கு அடியில் உடனே சொட்ட வேண்டும்.

வாங்கிய பிறகு பாதுகாப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். கார் அலங்காரக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் முழு சீட் கவர் போடாதீர்கள். பக்க ஏர்பேக் முன் இருக்கையின் முதுகுக்குள்ளிருந்து கிழித்துக்கொண்டு வர வேண்டும், இறுக்கமான கவர் அதைத் தடுக்கும். முன் கண்ணாடி மாற்றினால் கேமரா சரியாகப் பார்க்கும்படி அளவு சரிசெய்யும் காலிபரேஷன் செய்த ரசீது வாங்குங்கள். அது இல்லாமல் தானியங்கி பிரேக்கை நம்ப முடியாது. மெட்ரோ வேலைத் தூசி படிந்து கேமரா மறைந்தாலும் எச்சரிக்கை வரும், கண்ணாடியைத் துடைத்தால் போய்விடும். மகளுக்கு நாலு வயது முடியும் வரையாவது பின்னோக்கிப் பார்க்கும் சீட்தான், பின் இருக்கையில், குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில். குழந்தையின் தலை கனம், கழுத்து பலவீனம். முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் முழு இழுப்பும் கழுத்துக்கே போகும். 105 சென்டிமீட்டர் உயரம் வரை அப்படிப் பொருத்தும் சீட்டுகள் உண்டு. அம்மாவும் அப்பாவும் பின்னால் பெல்ட் போடாவிட்டால் அவர்கள் எடை முன் இருக்கையில் இருப்பவர் முதுகில்தான் வந்து விழும்.

கடைசியாகக் காகிதம். கர்நாடகப் பதிவு (கேஏ) என்றால் பெயர் மாற்றமும் லோன் பாக்கி இல்லாத சான்றும் போதும். டெல்லி பதிவு டீசல் என்றால், அங்கே வந்த 10 வருடக் கட்டுப்பாட்டால்தான் அந்த வண்டிகள் மலிவாக இங்கே வரத் தொடங்கின. தடையில்லாச் சான்றான என்ஓசியோடு கர்நாடக வாழ்நாள் வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மலிவு காணாமல் போய்விடும். உங்கள் வண்டிக்கு விடா ஸ்கேன் பிரின்ட், திரும்ப அழைப்பு (ரீகால்) பற்றிய பதில், கியர்பாக்ஸ் மற்றும் ஹால்டெக்ஸ் பில் மூன்றும் இருந்தால் 26 கொடுக்கலாம். கடைசி இரண்டு பில்லும் இல்லையென்றால் 24-ல் ஆரம்பியுங்கள். ஸ்கேன் எடுக்கவே விடமாட்டேன் என்றால் பேரம் பேச வேண்டாம், அடுத்த வண்டியைப் பாருங்கள்.