எட்டாம் வகுப்பு மகள் என்.எம்.எம்.எஸ். எழுதட்டுமா?

மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மத்திய அரசு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுத வேண்டும் என்று பள்ளியில் சொல்லிச் சனிக்கிழமையும் வகுப்பு வைக்கிறார்கள், பிள்ளை களைத்துப் போகிறாள். இதற்கிடையில் டவுனில் ஒரு தனியார் பள்ளி நடத்திய 'டேலன்ட் தேர்வில்' அவளுக்கு 60 சதவீதக் கட்டணச் சலுகை கிடைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அங்கேயே சேர்த்துவிடுங்கள் என்று போன் மேல் போன். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று கேட்கிறார்.

என்.எம்.எம்.எஸ். தேர்வை அவள் எழுதட்டும் அம்மா. இருபது வருஷத்துக்கு மேல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவன் என்ற முறையில் இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் உங்களுக்கு உண்மையான கேள்வி அடுத்த ஜூனில்தான் வருகிறது. உங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. அவள் எப்படியும் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். எங்கே போகிறாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் தேர்வு. இது மத்திய அரசின் உதவித்தொகைக்கானது, 2008-இல் தொடங்கியது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000. பணம் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் இருக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மதிப்பெண்ணில் 5 சதவீதம் தளர்வு உண்டு. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடங்கள். தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

தாள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவுத் தேர்வு ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். அது அவள் எப்படியும் படிக்கிற பாடம்தான். புதிதாக வருவது மனத்திறன் தேர்வு. பிள்ளைகள் மிரளுவதும் அதில்தான், கொஞ்ச நாளில் அதிகம் ரசிப்பதும் அதைத்தான்.

அவளுக்கு இது ஒத்துவருமா என்று தெரிய வேண்டுமானால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேளுங்கள்: 2, 6, 12, 20, 30, அடுத்து என்ன? சில பிள்ளைகள் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள்: 4, 6, 8, 10, ஆகவே அடுத்தது 12 கூட்டி 42. சிலர் 1×2, 2×3, 3×4 என்று வாய்ப்பாடாகப் பார்த்து 6×7 = 42 என்பார்கள். விடை வராவிட்டாலும் குறையில்லை. "இரும்மா, சொல்லாதே" என்று தாளை இழுத்து வைத்துக்கொள்கிறாளா என்று மட்டும் பாருங்கள். என் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். கண்ணாடியில் பார்த்தால் கடிகாரம் 3.15 காட்டுகிறது, உண்மையில் மணி என்ன என்ற கணக்கு. 8.45 என்று கரும்பலகையில் போட்டுக் காட்டியும் நம்பவில்லை. வீட்டுக்குப் போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி முள்ளை 8.45-க்குத் திருப்பி, பீரோ கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே என்னிடம் ஓடிவந்தாள். அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஊக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் மகளின் களைப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை வகுப்பு சரி, ஞாயிறு அவளுடையதாக இருக்கட்டும். வீட்டில் தினம் ஒரு மணி நேரம் பழைய வினாத்தாள் போட்டால் போதும், அதற்கு மேல் வேண்டாம். தலைவலி, வயிற்றுவலி என்று சனிக்கிழமைதோறும் சொல்ல ஆரம்பித்தால் வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள். எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில், இடம் 6,695. வராமல் போனால் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பதை இப்போதே எல்லாரிடமும் பேசி வையுங்கள், முக்கியமாகத் தாத்தா பாட்டியிடம்.

இப்போது அந்தத் தனியார் பள்ளி. 60 சதவீதம் சலுகை என்றால் மீதி 40 நீங்கள் கட்ட வேண்டும். இப்படிப்பட்ட சலுகை பெரும்பாலும் படிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான்; வேன், புத்தகம், சீருடை, விடுதி எல்லாம் தனிக் கணக்கு. பத்தாம் வகுப்பிலும் பதினொன்றிலும் சலுகை தொடருமா? நான்கு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தரத் தயங்கினால் அதுவே பதில். பேனரில் 'தேசிய' என்று போட்டிருப்பதால் அரசுத் தேர்வு ஆகிவிடாது. மத்திய அரசின் கல்வி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. நடத்திவந்த தேசியத் திறனாய்வுத் தேர்வே 2021-க்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது.

அதைவிட முக்கியமான ஒன்று. என்.எம்.எம்.எஸ். பணம் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு மட்டும்தான். தனியார் பள்ளிக்கு மாறிய நாளே 48,000 போய்விடும். அதோடு நிற்பதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இருக்கிறது. மூன்று வருஷம் அரசுப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளையை இப்போது எடுத்தால் இதெல்லாமும் சேர்ந்து போகும். டவுன் பள்ளியில் சேர்க்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று நீங்களே போய்ப் பார்த்து, அங்கே படிக்கும் இரண்டு பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

தேர்ச்சி பெற்றும் பணத்தைக் கோட்டைவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் மேற்கொண்டு வரும், அதிலும் முன்சொன்ன 5 சதவீதத் தளர்வு உண்டு. என்னிடம் படித்த ஒரு பையனுக்கு ஆதாரில் முன்னெழுத்து ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் வேறு மாதிரி. முதல் வருஷப் பணம் வரவே இல்லை. அவன் அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார்.

இந்த முறை கிடைக்காவிட்டாலும், கிராமப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், வருமான வரம்பு ஒரு லட்சம். பதினொன்றில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வு, அதில் மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. இப்போது போடுகிற பயிற்சி அங்கேயும் கை கொடுக்கும்.

இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அப்புறம் மகளின் ஆதார், பள்ளிப் பதிவு, வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.