கேளுங்கள், சொல்கிறோம்: வெள்ளிக்கிழமை விளக்கும் கோஷர் சமையலும்

அமெரிக்கக் கல்லூரிகளில் யூத மாணவர்களின் வாழ்க்கை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: நியூயார்க்கில் படிக்கும் என் மகனின் அறைத்தோழர் யூதர். வெள்ளி சாயங்காலம் ஆனால் சுவிட்சையே தொடுவதில்லையாம். என் மகன் விளக்குப் போட்டுக் கொடுக்கலாமா?

அது சபாத், யூதர்களின் வார ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சனிக்கிழமை இருட்டி, மூன்று நட்சத்திரம் தெரியும் நேரத்தில் முடியும். ஏறக்குறைய 25 மணி நேரம். இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் அதுவரை விளக்கைப் போடவும் மாட்டார்கள், அணைக்கவும் மாட்டார்கள். ‘எனக்காகப் போடு’ என்று பிறரிடம் சொல்வதற்கும் பொதுவாகத் தடை உண்டு. ஆனால் உங்கள் மகன் தன் தேவைக்குப் போட்டுக்கொண்டால், அந்த வெளிச்சத்தில் அவரும் உட்கார்ந்து படிக்கலாம்.

அணைப்பதில்தான் வம்பு வரும். கரண்டை மிச்சம் பிடிக்கிற நல்ல பழக்கத்தில் குளியலறை விளக்கை அணைத்தால், அவர் மறுநாள் இரவு வரை தடவித் தடவித்தான் போக வேண்டும். வெள்ளி மதியமே எது எரிய வேண்டும் என்று கேட்டு, சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்ததும் எரியும் பல்பையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி கதவு. பல விடுதிகளில் கார்டைத் தேய்த்தால்தான் பூட்டு திறக்கும், அதுவும் மின்சாரம்தானே! அறை ஒதுக்குவதற்கு முன்பே விடுதி அலுவலகத்துக்கு எழுதி, சாதாரணச் சாவி போட்ட பூட்டும், லிஃப்ட் தேவைப்படாத கீழ்த்தளமும் கேட்பது நல்லது. ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்கு அறையில் இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும். குடியேறிய பிறகு கேட்டால் இழுத்தடிக்கும்.

கேள்வி: நான் சுத்த சைவம். என் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்தால் கோஷர் பார்ப்பவர்கள் சாப்பிடலாம்தானே?

கோஷர் என்றால் யூத மத உணவு விதிகளுக்கு ஏற்றது. சைவம் என்பதால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் கஷ்டம். முதலில் பாத்திரம். அதில் முன்பு சூடாகச் சமைத்தது கோஷர் இல்லை என்றால், அந்தப் பாத்திரமும் இல்லை. சீஸில், பாலைத் திரிக்க விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கலாம். கீரையில் பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாகப் பார்ப்பார்கள். சமைத்த பல உணவுகளுக்கு, அடுப்பையாவது யூதர் ஒருவர் பற்ற வைத்திருக்க வேண்டும் என்றும் விதி. ஆகவே மனம் கோணாமல் உபசரிக்க வேண்டுமானால், நறுக்காத பழம், வட்டத்துக்குள் ‘யு’ எழுத்து போன்ற கோஷர் முத்திரை உள்ள பிரிக்காத பாக்கெட், காகிதத் தட்டு. புளித்த மாவுப் பண்டங்களை விலக்கும் பாஸ்கா பண்டிகையின் எட்டு நாளும் அந்த முத்திரை மட்டும் போதாது, ‘பாஸ்காவுக்கு ஏற்றது’ என்றும் போட்டிருக்க வேண்டும். ஐரோப்பிய வழிவந்த அஷ்கனாசி யூதர்கள் பலர் அப்போது அரிசி, பருப்புகூடத் தொடமாட்டார்கள்.

கேள்வி: ஹில்லெல், ஹபாத் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஹில்லெல் 1923-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாணவர் அமைப்பு. எல்லாப் பிரிவினருக்கும் பொது. ஹபாத், மத மரபைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஹசிதிய யூதர்களின் இயக்கம். ஒரு ரப்பியும் (யூத மதகுரு) மனைவியும் கல்லூரிக்குப் பக்கத்தில் வீடெடுத்து நடத்துவார்கள். வெள்ளி இரவுச் சாப்பாடு இரண்டிலும் உண்டு. யூதரல்லாத நண்பரையும் அழைத்துப் போவது வழக்கம்தான், முன்கூட்டிச் சொல்லிவிட்டால் சரி.

கேள்வி: பண்டிகை நாளில் தேர்வு வந்தால்?

நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டப்படி, மத காரணத்தால் தவறிய தேர்வைக் கூடுதல் கட்டணமின்றி வேறு நாளில் எழுத வாய்ப்புத் தர வேண்டும். பருவம் தொடங்கிய முதல் வாரமே தேதிகளை ஆசிரியருக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷனாவில் தொடங்கி, அந்தப் பண்டிகை வரிசையின் கடைசி நாளான சிம்ஹத் தோரா வரை, வேலை செய்யக்கூடாத நாள் மட்டும் ஏழு. உபவாச நாளான யோம் கிப்பூரைத் தெரிந்த பேராசிரியருக்குக்கூட மற்றவை தெரியாது. நாள்காட்டியில் போட்டிருக்கும் தேதிக்கு முந்தின மாலையே பண்டிகை பிறந்துவிடும். அந்த மாலைத் தேர்வையும் பட்டியலில் சேர்க்க மறக்கிறவர்கள்தான் அதிகம்.