வாங்குவோர் கேள்வி-பதில்: ஃபீனிக்ஸ் வெயிலும் இடிமழையும்

ஆகஸ்ட் வந்தாலே இந்த அரிசோனா ஊரில் என் கடிதப் பெட்டி நிறைந்துவிடுகிறது. பகலில் 110 டிகிரி ஃபாரன்ஹீட், சாயங்காலம் புழுதிப்புயல், ராத்திரி இடி. கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், கடைசியில் இருப்பது எழுதியவரின் ஊர்.

ஜூன் மாதம் கராஜுக்கு ஸ்வாம்ப் கூலர் வாங்கினேன். அப்போது ஜில்லென்று இருந்தது. இப்போது புழுங்குகிறது. பழுது என்று சொன்னால் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. — மேசா

கடைக்காரர் சொல்வது சரி. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும், கூலரின் வித்தை அவ்வளவுதான். ஜூனில் இங்கே காற்று காய்ந்து கிடப்பதால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும். ஜூலையில் மெக்சிகோ பக்கமிருந்து ஈரக்காற்று ஏறி வந்ததும் அந்த வேலை நடக்காது. வானிலைத் துறை இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை மான்சூன் என்று தேதி வைத்துச் சொல்கிறது. 2008-க்கு முன்பு, ஃபீனிக்ஸில் டியூ பாயிண்ட் (காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் அளவு) மூன்று நாள் தொடர்ந்து 55-க்குக் குறையாமல் இருந்தால்தான் மான்சூன். உங்கள் கூலர் இன்னமும் அந்தப் பழைய கணக்கைத்தான் பார்க்கிறது. போனில் டியூ பாயிண்ட்டைப் பாருங்கள். 55-க்கு மேலே போய்விட்டால் பம்ப்பை அணைத்து வெறும் விசிறியாக ஓட்டலாம். கீழே இருந்தால் கராஜ் கதவை ஒரு சாண் தூக்கி வைத்து ஓட்டுங்கள், ஈரம் வெளியே போக வேண்டும். நான் வாங்கிய கூலர் இன்று பெயிண்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

வைப்பர் எப்போது மாற்றுவது? — டெம்பி

மழைக்கு முன்னால்.

கார் பேட்டரி இரண்டே வருடத்தில் செத்துவிட்டது. ஐந்து வருட வாரண்டி என்றார்கள். பில் எங்கேயோ போய்விட்டது. — கில்பர்ட்

பேட்டரியைக் கொல்வது குளிர் என்று நினைப்பவர்கள் இந்த ஊருக்கு வர வேண்டும். சூட்டில் உள்ளே இருக்கும் தண்ணீர் குறைகிறது, தகடுகள் அரித்துப்போகின்றன. இங்கே இரண்டு மூன்று வருடம் ஓடினாலே பெரிது. ‘ஐந்து வருடம்’ என்றால் ஐந்து வருடமும் இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் முதலில் கொஞ்ச காலம் முழுசாக, மீதிக்கு ஓடிய மாதங்களுக்கேற்பக் குறையும் கழிவு என்று இருக்கும். அதைப் படித்தீர்களா? இல்லை. பில்லையாவது வைத்திருந்தீர்களா? அதுவும் இல்லை. வாங்கும்போது போன் நம்பர் கொடுத்திருந்தால் கடையின் கம்ப்யூட்டரில் தேடச் சொல்லுங்கள். அடுத்த பில்லை காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் போடாதீர்கள். அந்த வழவழத் தாள் சூட்டில் கறுத்து, எழுத்தே தெரியாது. கடை வாசலிலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஏசி நின்றுவிட்டது. வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மொத்த யூனிட்டையும் மாற்ற வேண்டும், 12,000 டாலர் என்கிறார். வீட்டில் கைக்குழந்தை. — பியோரியா

கையெழுத்துப் போடாதீர்கள். குழந்தையோடு நண்பர் வீட்டுக்குப் போங்கள், இன்னொருவரைக் கூப்பிடுங்கள், கெப்பாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மோட்டாரைக் கிளப்பிவிடும், சோடா கேன் அளவு இருக்கும் சாமான். வெயிலில் முதலில் மண்டையைப் போடுவது பெரும்பாலும் அதுதான். 2023-ல் 31 நாள் தொடர்ந்து 110-க்குக் குறையாமல் அடித்தபோது எத்தனை வீட்டில் இதே வசனம் கேட்டிருக்கும்! கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அவசரப்படுத்துகிறவனுக்கு நான் மரியாதை தருவதில்லை.

புயல் அடித்த மறுநாள் இரண்டு பேர் கதவைத் தட்டி, கூரை போச்சு என்று போனில் படம் காட்டினார்கள். வீட்டில் தனியாக இருந்த அப்பா கையெழுத்துப் போட்டு 1,500 டாலருக்கு செக்கும் கொடுத்துவிட்டார். அவரைத் திட்டிவிட்டேன். — சாண்ட்லர்

முதலில் அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். இவர்கள் பிழைப்பே தனியாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்துத் தட்டுவதுதான். உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன், இது மற்றவர்களுக்கு.

வீட்டு வாசலில் 25 டாலருக்கு மேல் விற்றால், மூன்றாவது வேலைநாள் நள்ளிரவு வரை ரத்து செய்யலாம். இது மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. சனிக்கிழமை கணக்கில் வரும், ஞாயிறு வராது. ரத்துப் படிவத்தை அவர்களே தந்திருக்க வேண்டும். தராவிட்டாலும் கடிதம் எழுதி, தேதி பதிவாகும் தபாலில் அனுப்புங்கள். கையோடு பேங்க்கில் செக்கை நிறுத்துங்கள். நீங்களே அவசர ரிப்பேருக்குக் கூப்பிட்டிருந்தால் கதை வேறு.

இப்போது என் புலம்பல். இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் கூரை எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாது. ஓடு வெயிலைத்தான் தாங்குகிறது. தண்ணீரைத் தடுப்பது அதற்கு அடியில் விரித்திருக்கும் அண்டர்லேமெண்ட் என்ற நீர்புகா விரிப்பு. அது வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, இருபது இருபத்தைந்து வருடத்தில் மொறுமொறுவென்று உடைய ஆரம்பிக்கும். ஆகவே ஓர் ஓடு உடைந்ததும் கூரை போய்விடாது, ஓடு முழுசாக இருப்பதால் கூரை நன்றாக இருக்கிறது என்றும் இல்லை. அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் இருக்கும் பரணில், டார்ச் அடித்து ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். முன்பின் தெரியாதவரை மேலே ஏற்றாதீர்கள், மிதித்தாலே ஓடு உடையும். அப்புறம் அந்தப் படம் உங்கள் வீட்டுக் கூரைதான் என்று யார் சொன்னது? மாநிலக் காண்டிராக்டர் பதிவாளர் இணையதளத்தில் லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பார்க்கக் காசு கேட்பதில்லை. லைசென்ஸ் உள்ளவர் ஏமாற்றினால் ஒரு வீட்டுக்கு 30,000 டாலர் வரை இழப்பீட்டு நிதி உண்டு. லைசென்ஸ் இல்லாதவரிடம் போனால் அதுவும் கிடையாது.

வியாழக்கிழமை வெள்ள எச்சரிக்கை. இன்று வெள்ளக் காப்பீடு எடுத்தால் செல்லுமா? — லவீன்

செல்லாது. மத்திய அரசுத் திட்டத்தில் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. மே மாதத்தில் எடுத்திருக்க வேண்டும். இன்றைக்கு மணல் மூட்டை வாங்குங்கள்.

சாலையில் வைத்திருந்த வெள்ளத் தடுப்பைச் சுற்றிப் போய் வாஷில் (மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை) கார் மாட்டிக்கொண்டது. மீட்டவர்களின் செலவை நான் கட்ட வேண்டுமாம். நியாயமா? — கேவ் க்ரீக்

நியாயம்தான். ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’ என்று ஊரே சொல்கிற 1995 சட்டம் அது. 2,000 டாலருக்கு மேல் கேட்க மாட்டார்கள். காருக்கு காம்ப்ரிஹென்சிவ் காப்பீடு (வெள்ளம், திருட்டு போன்றவற்றுக்கானது) இருந்தால் கார் சேதத்துக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள்.