சதுப்பில் கிடைத்த கருமரத்தைக் காயவைக்கலாமா?

கேள்வி: உதகை வட்டத்தில் எங்கள் காரட் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில், சதுப்பாகக் கிடந்த இடத்தில் பண்ணைக்குட்டை வெட்டினோம். ஏழெட்டு அடி ஆழத்தில் கன்னங்கரேலென்று ஓர் அடிமரம் அகப்பட்டது. பொக்லைன் உடைத்த ஒரு துண்டை வெயிலில் போட்டோம். பத்தே நாளில் சுருங்கி, வெடித்து, உதிரத் தொடங்கிவிட்டது. பெரிய பகுதி இன்னும் குழித் தண்ணீரில் கிடக்கிறது. மண்ணுக்குள் இத்தனை காலம் கெடாமல் இருந்த மரம் வெளியே வந்ததும் ஏன் இப்படி ஆயிற்று? எஞ்சியதைக் காயவைத்து, வார்னிஷ் அடித்து முற்றத்தில் வைக்கலாமா?

பதில்: காயவைக்க வேண்டாம், குழித் தண்ணீரை இறைக்கவும் வேண்டாம். கெடாமல் இருந்த மரம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது பெரும்பாலும் கெட்டுப்போன மரம்தான். கெட்டது வெளியே தெரியாதபடி தண்ணீர் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது.

தோட்டத்து வேலிக்கால்கள் தரைமட்டத்தில் இற்று முறிவதையும், ஆழத்தில் புதைந்த அடிப்பகுதி ஓரளவு உறுதியாக இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். மரத்தை விரைவாக அழிக்கும் பூஞ்சைகளுக்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். தரைமட்டத்தில் இரண்டும் கிடைக்கின்றன. சதுப்பின் அடியிலோ மரத்தின் துளைகள் எல்லாம் தண்ணீரால் நிறைந்திருப்பதால், வெள்ளை அழுகலையும் பழுப்பு அழுகலையும் உண்டாக்கும் பூஞ்சைகள் அங்கே வாழ முடிவதில்லை. சிறிதளவு காற்று எட்டும் மேலடுக்குகளில் மென் அழுகல் பூஞ்சைகள் நார்ச்சுவருக்குள் நுண்ணிய குழிகளைக் குடைகின்றன. அதற்கும் கீழே, ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத இடத்தில், அரிப்புப் பாக்டீரியா எனப்படும் நுண்ணுயிர்கள் மட்டுமே வேலை செய்கின்றன.

இந்தப் பாக்டீரியாக்களின் வேலை மிக மெதுவானது; நூற்றாண்டுகள் எடுக்கும். மரநாரின் சுவர் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் ஆகிய மூன்றாலும் ஆனது. பாக்டீரியாக்கள் நாரின் உட்குழலில் இருந்து தொடங்கி, சுவரில் உள்ள செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் அரித்து உண்கின்றன. லிக்னின் மிகுந்த, ஒரு நாரை அடுத்த நாரோடு ஒட்டவைக்கும் இடைப்படலத்தை அவற்றால் எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஆகவே எஞ்சுவது, உள்ளே சதை போய்த் தோல்வலை மட்டும் நிற்கும் பீர்க்கங்கூடு போன்ற ஓர் உருவம். அதன் வெற்றிடங்களைத் தண்ணீர் நிரப்பி நிற்பதால், பட்டையின் வரிகள்கூட மாறாமல் தெரியும். வெளிப்புறத்து வெள்ளை மரமே முதலில் இப்படி ஆகிறது; வைரம் பாய்ந்த நடுப்பகுதி பல வேளைகளில் இன்னும் திடமாக இருக்கும். கறுப்பு நிறத்தைப் பழமைக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். மரத்தின் துவர்ப்புப் பொருளான டானின் மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்தாலே கறுத்துவிடும்.

வெயிலில் போட்ட துண்டுக்கு என்ன நேர்ந்தது என்பது இப்போது விளங்கும். தண்ணீர் நுண்துளைகளில் இருந்து ஆவியாகி வெளியேறும்போது, அதன் பரப்பு இழுவிசை மெலிந்த சுவர்களை உள்நோக்கி இழுக்கிறது. நல்ல மரத்தின் சுவர் அதைத் தாங்கும். செல்லுலோஸ் இழந்த சுவர் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். அப்படி நசுங்கியதை மீண்டும் நனைத்தாலும் பழைய உருவம் வராது. வார்னிஷோ, எண்ணெயோ, டீசலோ மேற்பரப்பில் நிற்குமே தவிர, இந்தச் சரிவைத் தடுக்காது.

மரம் எந்த அளவு கெட்டிருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். தானாக உதிர்ந்த, இன்னும் நனைந்திருக்கும் ஒரு சிறு சில்லைத் துடைத்து எடை போடுங்கள். பிறகு 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எடை குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். நனைந்தபோது 50 கிராம், உலர்ந்தபின் 8 கிராம் என்றால், 8 கிராம் மரம் 42 கிராம் தண்ணீரைப் பிடித்திருந்தது, அதாவது 525 சதவீதம். நாவல் போன்ற கெட்டியான மரம் நன்றாக இருக்கும்போது முழுக்க ஊறினாலும் 100 சதவீதத்தை ஒட்டித்தான் ஏற்கும். ஆகவே அத்தகைய மரத்தில் 525 என்றால் மரப்பொருளில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்கு போய்விட்டது. 400ஐத் தாண்டியதை மிக மோசமாகச் சிதைந்தது என்றும், 185க்குக் கீழே இருப்பதை ஓரளவு நல்ல நிலை என்றும் தொல்பொருள் பாதுகாப்பாளர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

இனி செய்ய வேண்டியது. குழியின் தண்ணீர் மட்டம் மரத்துக்கு மேல் நிற்கட்டும். தோண்டிய அதே கரிய சேற்றால் மூடி, வெயில் படாமல் வையுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் இரு முனைகளில் கயிறு கட்டித் தூக்காதீர்கள், நடுவில் முறிந்துவிடும். முழு நீளத்துக்கும் பலகையை அடியில் செலுத்தி, ஈரச் சாக்கால் போர்த்தி, அதன்மேல் பாலித்தீன் தாள் சுற்றி எடுங்கள். தொட்டியில் இடுவதானால் இருட்டான, குளிர்ந்த இடத்தில் முழுக மூழ்கும்படி வையுங்கள்.

முற்றத்தில் காட்சிக்கு வைக்க வேண்டுமென்றால், தண்ணீருக்குப் பதிலாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளை மெல்ல மெல்ல உட்செலுத்தி, பின்பு உறைநிலையில் உலர்த்த வேண்டும். சுவீடனில் 1628இல் மூழ்கி 1961இல் மீட்கப்பட்ட வாசா கப்பலுக்கு அந்தக் கரைசலை 17 ஆண்டுகள் தெளித்தார்கள். உங்கள் மரத்துக்கு அவ்வளவு காலம் ஆகாது. ஆனாலும் இது ஆய்வகத்தின் வேலை. வீட்டில் முயல வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நீலகிரியின் சாண்டிநல்லா பள்ளத்தாக்கிலுள்ள பீட் படிவுகள் (சதுப்பில் முழுதும் மட்காத தாவரங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தவை) 40,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தின் மழையையும், சோலையும் புல்வெளியும் மாறிமாறிப் பரவியதையும் பதிவு செய்து வைத்திருக்கின்றன. உங்கள் மரம் சென்ற நூற்றாண்டில் விழுந்த கற்பூர மரமாகவும் (யூகலிப்டஸ்) இருக்கலாம், சீகையும் (வாட்டில்) கற்பூரமும் இந்த மலைக்கு வருவதற்கு வெகு முன்னர் நின்ற சோலை மரமாகவும் இருக்கலாம். எந்த மரம் என்பதை நுண்ணோக்கியில் நார் அமைப்பைப் பார்த்தும், வயதைக் கார்பன் ஆய்விலும் அறியலாம். லக்னோவில் உள்ள பீர்பல் சாஹ்னி நிறுவனம் இத்துறையில் பெயர் பெற்றது. மாதிரியை எந்த மருந்தும் பூசாமல், ஈரமாகவே அலுமினியத் தாளில் பொதிந்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். கிளைக்கால் ஏறிய மரத்தில் அதன் கார்பனும் கலந்துவிடுவதால் வயது பிழையாக வரும். எனவே மாதிரி எடுப்பது முதலில் நடக்க வேண்டும்.

மரத்தில் கோடரி வெட்டோ, துளையோ, செதுக்கிய தடமோ தென்பட்டால் அதற்குமேல் ஓர் அடிகூடத் தோண்டாமல் மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தோணியும், தோணிகளைக் கயிற்றால் பிணைக்கும் கட்டுத்தறிகளும் இதுபோல் நீர் செறிந்த மண்ணிலிருந்துதான் வெளிப்பட்டன.