எடை குறைத்து ஓடுதல்: இயன்முறை மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி: காற்றுப்பை டிரெட்மில்லில் உடல் எடை எவ்வாறு குறைகிறது? நாசாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா, ஐயா?

பதில்: இடுப்பில் இறுகப் பொருந்தும் கால்சட்டையை அணிந்து, அதன் விளிம்பை டிரெட்மில்லைச் சூழ்ந்த உறையுடன் ஜிப்பால் இணைத்துவிட்டால், இடுப்புக்குக் கீழுள்ள உடல் மூடிய காற்றறைக்குள் அடங்கிவிடும். அந்த அறையின் அழுத்தத்தைச் சிறிதளவு கூட்டினாலே காற்று உங்களை மேல்நோக்கித் தாங்கும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் வேலன் இக்கருத்தை உருவாக்கியபோது நோக்கம் நேரெதிராக இருந்தது: எடையற்ற விண்வெளியில் ஓடுபவரின் கால்களுக்குக் காற்றழுத்த வேறுபாட்டின் மூலம் சுமையைக் கூட்ட வேண்டியிருந்தது. பூமியில் அதுவே தலைகீழாகப் பயன்பட்டு, ஆல்டர்ஜி என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதில் எடையை 80 விழுக்காடு வரை, ஒவ்வொரு விழுக்காடாகக் குறைக்கலாம்.

கேள்வி: கீழ்க்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப விழும் சுமையால் உண்டாகும் நுண்விரிசல்) ஏற்பட்டு ஏழு வாரங்கள் ஆகின்றன. திரையில் 60 விழுக்காட்டு எடை என்று வைத்தால் என் எலும்பின் மீதும் 60 விழுக்காட்டுச் சுமைதான் விழுமா?

பதில்: இல்லை. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். 70 கிலோ எடையுள்ளவர் 60 விழுக்காட்டில் நின்றால் பாதம் தாங்குவது 42 கிலோ. ஆனால் ஓடும்போது தரையிலிருந்து வரும் விசையே உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. அதற்கும் மேலாக, உடலை முன்னே உந்துவதற்குக் கெண்டைச்சதை இழுக்கும் இழுப்பு கீழ்க்கால் எலும்பை இரு முனைகளிலிருந்தும் அழுத்துகிறது. இயந்திரம் எடையைத் தாங்கினால் இந்த இழுப்பும் குறையும் என்பது உண்மையே. எனினும் திரையில் தெரியும் விகிதத்திலேயே குறையும் என்று நம்பக் கூடாது. உடல் லேசாக இருக்கும் மகிழ்ச்சியில் வேகத்தைக் கூட்டினால் குறைத்த சுமையில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். வேகமும் எடைத்தாங்கலும் ஒன்றையொன்று ஈடுசெய்வதை ஆய்வாளர்கள் கிராபோவ்ஸ்கியும் கிராமும் 2008-இல் அளந்து காட்டினர்: தாங்கலுடன் வேகமாக ஓடினால், தரைவிசையின் உச்சத்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போதிய வேலை கொடுக்கலாம். உடல்திறனைக் காக்க இது நல்ல வழி. ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் எலும்புக்கு, ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் நான் மிதமான வேகத்தையே அனுமதிப்பேன்.

கேள்வி: எந்த அளவில் தொடங்குவது?

பதில்: முழு எடையுடன் அரை மணி நேரம் வலியின்றி நடக்க முடிய வேண்டும், எலும்பை அழுத்திப் பார்த்தால் வலி இருக்கக் கூடாது. அதன்பின் நான் பெரும்பாலும் 50 அல்லது 60 விழுக்காட்டில், ஒரு நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாகத் தொடங்குவேன். எடை, வேகம், நேரம் ஆகிய மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே கூட்டுவேன். மறுநாள் காலையில் வலி தெரிந்தால் முந்தைய நிலைக்குத் திரும்புவேன். இத்துடன் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியைக் கைவிடக் கூடாது. இயந்திரம் தாங்கிக்கொண்டிருக்கும் வரை கெண்டைச்சதை தன் முழு வலிமையைத் திரும்பப் பெறாது.

கேள்வி: எங்கள் ஊரில் இந்த இயந்திரம் கிடையாது. நீச்சல் குளம் போதுமா?

பதில்: பெரும்பாலும் போதும். இடுப்பளவு நீரில் ஏறத்தாழ பாதி எடையும், மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கும் பாதத்தில் விழும். ஆனால் நீரின் எதிர்ப்பு காலின் அசைவையே மாற்றிவிடுவதால், தரையில் ஓடும் நடையை அங்கே பழக முடியாது.

கேள்வி: இந்த இயந்திரத்தை யார் தவிர்க்க வேண்டும்?

பதில்: காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்தவர்கள், ஆறாத திறந்த புண் உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கருவுற்றவர்கள். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் உள்ளவர்கள் எலும்பு மருத்துவரின் அனுமதி இல்லாமல் எந்த விழுக்காட்டிலும் ஓடக் கூடாது. அங்கு விரிசல் முழு முறிவானால் அறுவைச் சிகிச்சையே தேவைப்படும்.