கள்ளப் பிரதியும் பற்றுச்சீட்டும்

அன்புள்ள அண்ணா,

நானும் இரண்டு நண்பர்களும் மூன்று வருடமாக உட்கார்ந்து ஒரு கணினி விளையாட்டைச் செய்தோம். கொட்டியாரக் குடாவில் இரவில் வலைக்குப் போகும் ஒரு சிறுவனின் கதை. சென்ற மாதம் இணையக் கடையொன்றில் ஐந்து டொலருக்கு விற்பனைக்கு விட்டோம். ஒரு கிழமைக்குள் டெலிகிராம் குழுவொன்றில் அதன் கள்ளப் பிரதி வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற பையன் ஒருவனே அதை இறக்கி விளையாடிவிட்டு வந்து, "சூப்பர் கேம் அண்ணா" என்று கைகொடுத்தான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இணையத்தில் சரிபார்க்கும் பூட்டொன்றைப் போடச் சொல்கிறான் நண்பன். போடலாமா? பகிர்ந்தவர்களின் பெயர்களை முகநூலில் வெளியிடட்டுமா? பொதுவாக இந்தத் தொழில் கள்ளப் பிரதிகளை எப்படி எதிர்கொள்ள வேண்டும்? படங்கள் எல்லாவற்றையும், ஒவ்வொரு அலையையும், போட்டோஷொப்பில் நானே வரைந்தேன். அதனால்தான் தாங்க முடியவில்லை.

க., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

உமது கடிதம் வருவதற்கு நான்கு நாள் முன்னர் அலுமாரியை ஒதுக்கியபோது ஒரு பழைய பெட்டி அகப்பட்டது. கடும்பச்சை நிறத்தில், மூலைகள் கறையான் தின்றிருந்த ஒரு கணினி விளையாட்டுப் பெட்டி. அதை எறிய மனமில்லாமல் மேசையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீர் எழுதினீர். இல்லாவிட்டால் இந்தப் பதில் இவ்வளவு நீளமாக வந்திராது.

முதலில் எளிதானவற்றை முடித்துவிடுகிறேன். முகநூலில் பெயர் போடும் எண்ணத்தை இன்றே விட்டுவிடும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டில் இருக்கத்தான் இருக்கிறது. ஒழுங்கைப் பையனை அதற்குள் இழுத்துவிட நான் வழி சொல்லமாட்டேன். அடுத்தது போட்டோஷொப். அதற்கு மாதாமாதம் டொலரில் வாடகை கட்டினீரா? கட்டியிருந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கட்டவில்லையென்றால், தம்பி, உமது அலைகள் ஒவ்வொன்றும் இன்னொருவருடைய கள்ளப் பிரதியின் மேல்தான் அடித்துக்கொண்டிருக்கின்றன. கிரிட்டா, பிளெண்டர், கோடோ என்று காசில்லாமலே முறையாகக் கிடைக்கும் கருவிகள் இருக்கும்போது, மூன்று வருடத்தில் ஒருநாளாவது அந்தப் பக்கம் போகத் தோன்றவில்லையா? இதைக் கேட்டது உம்மைச் சிறுமைப்படுத்த அல்ல. உம்மைப் போன்ற நேர்மையான பிள்ளையே யோசிக்காமல் செய்கிற ஒன்றை, டெலிகிராமில் இருக்கிற முகம் தெரியாதவன் மட்டும் யோசித்துச் செய்திருப்பான் என்று எதிர்பார்க்கக்கூடாது என்பதற்காகக் கேட்டேன்.

இந்த முறைப்பாடு தொழிலோடு கூடப்பிறந்தது. 1976 பெப்ரவரியில், கணினிப் பொழுதுபோக்காளர்களுக்கு பில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, தம்முடைய பேசிக் மென்பொருளை அவர்கள் களவாகப் பகிர்கிறார்கள் என்று குற்றம் சாட்டினார். அரை நூற்றாண்டு போய்விட்டது. பூட்டுகள் மட்டும் பெருத்துக்கொண்டே வந்திருக்கின்றன.

2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு திருகோணமலையில் மத்திய வீதிக்குப் பக்கத்தில் ஒரு சீடிக் கடை இருந்தது. ஆறடி அகலம் வரும். முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பிலிருந்து வரும் கொப்பி சீடிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கறுப்பு மார்க்கர் பேனையால் விளையாட்டின் பெயரையும் சீரியல் நம்பரையும் எழுதி அடுக்கியிருப்பார். அவர் விற்றது முழுக்கக் கள்ளச் சரக்கு. அதில் எனக்கு மயக்கமில்லை. ஆனால் அவர் விற்ற விதத்தைப் பாரும். "உன்ரை மிசின் எத்தினை ராம்?" என்று கேட்காமல் ஒரு சீடியையும் கையில் தரமாட்டார். ஓடாத சீடியை மறுநாள் கொண்டுபோனால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு உறைக்குள்ளும் அப்பியாசக் கொப்பித் தாளில் நான்காக மடித்த ஒரு துண்டு இருக்கும்: எந்தக் கோப்பை எங்கே பிரதியெடுப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று முத்து முத்தான தமிழ்க் கையெழுத்தில் எழுதி, பென்சிலால் இலக்கமிட்டிருப்பார். ஆங்கிலம் தட்டுத்தடுமாறிய எங்களுக்கு உலகத்தில் வேறு எந்த விளையாட்டு நிறுவனமும் அந்தக் கடதாசியை எழுதித் தரவில்லை.

இனிப் பெட்டியின் கதை. 2009இல் கனடாவிலிருந்து வந்த மாமா எனக்கு ஒரு ஒரிஜினல் விளையாட்டைக் கொண்டுவந்தார். வாழ்க்கையில் முதல் ஒரிஜினல். கையேட்டின் தாள் வாசனையை இப்போதும் சொல்வேன். சீடியைப் போட்டால், இணையத்தில் பதிவு செய்தால்தான் திறக்கும் என்றது. எங்கள் வீட்டில் இணையம் இல்லை. சிபியு பெட்டியைச் சாரத்தால் சுற்றி ஓட்டோவில் ஏற்றி, நெட் கஃபேக்குக் கொண்டுபோய், வயரை மாற்றிக் கொழுவிப் பதிவு செய்தேன். இரண்டு மாதத்தில் வைரஸ் பிடித்துக் கணினியை ஃபோமட் செய்ய வேண்டியதாயிற்று (வைரஸ் வந்தது ஒரு கொப்பி சீடியிலிருந்துதான், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்). மறுபடி ஓட்டோ, மறுபடி பதிவு. பிறகு ஹார்ட் டிஸ்க் பழுதாகியது. மூன்றாம் முறையும் போய்ப் பதிந்தேன். நான்காம் முறை, உமது அனுமதி எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று திரையில் எழுதிவந்தது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதினொரு நாள் கழித்து, வாங்கிய பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பும்படி பதில் வந்தது. பற்றுச்சீட்டு ரொறன்ரோவில் எந்தக் குப்பைக்குள் போயிற்றோ, மாமாவுக்கே தெரியாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணையிடம் போனேன். அவர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய், கிராக் செய்த பிரதியொன்றைப் பதிந்துகொண்டு வந்தார். நான் காசை நீட்டினேன். "நீ ஏற்கெனவே காசு குடுத்து வாங்கின சாமான்தானே இது, வை உள்ளுக்கு" என்றார். அன்றைக்குக் கடைக்கண்ணாடியில் சாய்ந்து நின்ற எனக்கு இருபத்தோரு வயது. காசு வாங்கியவர் என்னைக் கள்ளனாகப் பார்த்தார். கள்ளச்சீடி விற்றவர் என்னை வாடிக்கையாளனாகப் பார்த்தார். அந்தக் குழப்பத்திலிருந்து நான் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

என் ஒருவனுக்கு நடந்த அதிசயமென்று நினைக்காதேயும். 2008இல் ஸ்போர் என்ற விளையாட்டு இதே மூன்று பதிவு எல்லையோடுதான் வந்தது. அமேசனில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் போட்டுக் கொதித்தார்கள். இவ்வளவு பூட்டியும், அந்த வருடம் மிக அதிகமாகக் களவில் இறக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்ட விளையாட்டும் அதுவே. 2010இல் யுபிசொஃப்ட், விளையாடும் நேரமெல்லாம் இணையம் வழியாகத் தன் வழங்கியோடு (சேர்வர்) தொடர்பிலேயே இருக்கவேண்டும் என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தது. மார்ச் மாத வார இறுதியொன்றில் அந்த வழங்கிகள் தாக்கப்பட்டு விழுந்தன. காசு கொடுத்தவர்கள் வெளியே நின்றார்கள். அதே நிறுவனம் 2014இல் விற்ற த க்ரூ என்ற காரோட்ட விளையாட்டின் வழங்கிகளை 2024 மார்ச் 31உடன் நிறுத்தியபோது, வாங்கியவர்களின் பெட்டிக்குள் வெறும் வட்டத்தகடுதான் மிஞ்சியது. அந்தக் கோபத்திலிருந்து எழுந்த இயக்கத்தின் மனுவில் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இனி எவனாவது "நான் ஏன் வாங்கவேண்டும்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை அவன் வாயில் வைத்தது யார்?

நண்பன் சொல்லும் பூட்டு இந்தச் சாதியைச் சேர்ந்தது. 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு இருந்ததே, ஞாபகமிருக்கிறதா? அப்போது அக்காவின் மகன் எங்கள் வீட்டு விறாந்தையில் மடிகணினியோடு உட்கார்ந்திருந்தான். இரண்டு மணிநேரத்துக்குச் சார்ஜ் இருந்தது, பிறந்தநாளுக்கு வாங்கிக்கொடுத்த விளையாட்டு இருந்தது, மின்சாரம் நின்று வெகுநேரமானதால் கைப்பேசிக் கோபுரமும் படுத்துவிட்டது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவனுடைய கூட்டாளி பக்கத்தில் இருந்து, பென் டிரைவில் கொண்டுவந்த அதே விளையாட்டின் கள்ளப் பிரதியை ஒரு தடங்கலுமில்லாமல் விளையாடினான். மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த இரண்டு திரைகளையும் நான் மாறி மாறிப் பார்த்தேன். பூட்டை உடைத்தவனுக்குப் பூட்டு இல்லை. சாவி வாங்கியவன்தான் வாசலில் நிற்கிறான். உமது விளையாட்டில் வருகிற சிறுவன் குடாவின் நடுவில் இருக்கிறான். அதை விளையாடுகிறவன் மூதூரிலோ வெருகலிலோ ஒற்றைக்கோடு சிக்னலில் இருப்பான். அவனிடம் ஒவ்வொரு முறையும் அடையாள அட்டை கேட்கப்போகிறீரா?

பெரிய நிறுவனங்களின் கணக்கு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுடைய வருமானத்தில் பெரும்பங்கு முதல் சில வாரங்களிலேயே வந்துவிடும். டெனுவோ போன்ற பூட்டு அதுவரை தாக்குப்பிடித்தால் போதும், பிறகு பலர் அவர்களாகவே கழற்றிவிடுகிறார்கள். அது முடிந்தபின் கழற்றுவதாவது ஒரு மரியாதை. உமக்கு அந்தக் கணக்கும் பொருந்தாது. ஒவ்வொரு கள்ளப் பிரதியும் ஒரு விற்பனை இழப்பு என்று பெருக்கிப் பார்த்து இரவில் தூங்காமலிருப்பதையும் நிறுத்தும். ஐரோப்பிய ஆணைக்குழு பணம் கொடுத்துச் செய்வித்து, 2015இல் முடிந்து, 2017இல்தான் வெளியே வந்த ஆய்வுகூட விளையாட்டுகளில் அப்படியொரு இழப்பை உறுதியாகக் காட்டவில்லை. (இதைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு எனக்கு எழுதவிருக்கும் இலவச இறக்குநர்கள் தயவுசெய்து பொறுத்தருள்க. உங்கள் ஏழ்மைக் கதைகளை, ஒன்றரை இலட்சம் ரூபாய்க் கைப்பேசியிலிருந்து தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள்.)

தொழில் என்ன செய்யவேண்டும் என்று கேட்டீர். போலந்தைப் பாரும். அங்கே 1994 வரை மென்பொருளுக்குப் பதிப்புரிமைச் சட்டமே ஒழுங்காக இல்லை. சந்தையில் கள்ளச் சீடி மலையாகக் குவிந்து கிடந்தது. சிடி புரொஜெக்ட் என்ற சிறிய விநியோக நிறுவனம் 1999இல் போல்டர்ஸ் கேட் விளையாட்டைப் போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்தது. அந்நாட்டின் பெயர்பெற்ற நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்து, பெட்டிக்குள் வரைபடமும் விதிப்புத்தகமும் இசைத் தட்டும் வைத்தார்கள். விளையாட்டு ஐந்து சீடி என்பதால் கள்ளப் பிரதியும் அவ்வளவு மலிவாக இருக்கவில்லை. முதல் நாளில் மட்டும் 18,000 பிரதிகள் விற்றன. அண்ணை கொப்பித் தாளில் செய்ததை அவர்கள் பெட்டிக்குள் செய்தார்கள். 2011இல் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெலும் இதையே சொன்னார்: ரஷ்யர்கள் எதையும் களவெடுப்பார்கள் என்று புலம்புகிறவர்கள், ரஷ்ய மொழியில் தங்கள் பொருளைக் கொடுக்க ஆறு மாதம் தாமதிக்கிறவர்கள்தான் என்று. ஆனால் அவருடைய ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையிலும் எமக்கு இன்னும் டொலரில்தான் விலை. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது, 60 டொலர் விளையாட்டொன்று 12,000 ரூபாயிலிருந்து 21,600க்கு ஏறியது. மட்டக்களப்பு வாடிக்கையாளனை ஒருவன் உண்மையில் வேண்டுமென்று நினைத்தால், அவனுடைய காசில் விலை போடுவான். ரீலோட் கடையில் கட்ட வழி செய்வான். அவன் வாசிக்கும் மொழியில் எழுதுவான்.

உமது ஒழுங்கைப் பையனிடம் வருகிறேன். அவன் ஒளித்துக்கொண்டு ஓடவில்லை, வந்து கைகொடுத்தான். அதில் உமக்கு வலி மட்டும்தான் தெரிந்ததா? அவனிடம் வங்கி அட்டை இருக்கிறதா என்று கேட்டீரா? ஏறத்தாழ 1,500 ரூபாயை அவன் எந்த வழியால் அமெரிக்காவுக்கு அனுப்புவான் என்று ஒருநாளாவது யோசித்தீரா? 2013இல் கிளூக் சகோதரர்கள் தங்கள் கேம் டெவ் டைக்கூன் விளையாட்டின் கள்ளப் பிரதியைத் தாங்களே வெளியிட்டார்கள். அதில் விளையாடுகிறவன் நடத்தும் விளையாட்டு நிறுவனம், கள்ளப் பிரதிகளாலேயே வங்குரோத்தாகும். முதல் நாளில் 214 பேர் காசு கொடுத்தார்கள். 3,104 பேர் கொடுக்கவில்லை. அந்த 3,104 பேரில் சிலர், தங்கள் நிறுவனம் இப்படி நட்டப்படுகிறதே, பூட்டுப் போட வழியில்லையா என்று வெளிப்படையாகவே போய்க் கேட்டார்கள். எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்த 214 பேர்தான் பெரிதாகத் தெரிந்தார்கள். அவர்களுடைய பிரதியில் ஒரு வில்லங்கமும் வைக்கப்படவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, நேற்றிரவு உமது விளையாட்டை வாங்கப் போனேன். என் வங்கி அட்டையை இரண்டு முறை அந்தக் கடை மறுத்துவிட்டது. அக்காவின் மகன் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேசாமல் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து மேசையில் அந்தப் பச்சைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளே உமது சிறுவனும் தோணியும் இருக்கிறார்களாம். இன்னும் திறக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் உப்புவெளிப் பக்கம் வருவேன். 1,500 ரூபாயைக் கையில் தருகிறேன். பற்றுச்சீட்டு ஒன்று எழுதி வையும்.

அன்புடன்,
அண்ணா